அண்ணி செய்த அஞ்சறைப் பெட்டி

எங்கள் வீட்டு முன்னறையை ஆண்ட மகாராணி, என் அருமை அண்ணி வசந்தாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் வெகுநேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் நினைவு வந்தது, நீ என்றைக்கு நலமில்லை என்று ஒப்புக்கொண்டாய்? போன வருஷம் அந்தக் காய்ச்சலில் படுத்தபோதுகூட, "ஒண்ணும் இல்ல மல்லி, லேசா சூடாயிட்டேன், ஃபேன் ஓடினா சரியாயிடும்" என்று ஏதோ கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாய். ஆகவே நீ நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நாங்களும் நலம். அம்மாவுக்கு முழங்கால்தான் போய்விட்டது. வாய் அப்படியே இருக்கிறது.

இன்றைக்கு ஆயுத பூஜை. இன்றைக்குப் பேனாவைத் தொடக்கூடாதே, நாளைக்கு விஜயதசமி பூஜை முடித்தல்லவா எடுக்க வேண்டும், நீ எப்படி எழுதுகிறாய் என்று கேட்பாய். கேள். கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் என் தோள்மேல் எட்டிப் பார்த்துப் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகவும் கொஞ்சம் விளக்கிச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. நீ என் அண்ணன் மனைவி. உனக்கும் எனக்கும் ஒரே வயது என்பதால் முறைக்கு அண்ணி என்றும் வாய்க்கு நீ என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் டிவி போர்டுக்கு ஈயப் பற்றவைப்பு வேலை செய்துகொண்டிருந்தாய். கல்யாணமாகி செங்கல்பட்டுக்கு வந்ததும் மற்ற மருமகள்கள் தையல் மிஷின் கேட்பார்கள், நீ ஒரு டேபிள் லைட் கேட்டாய். தொண்ணூறுகளின் நடுவில் ஊரில் டைப் ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் சென்டராக மாறிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எழுப்பிவிடும் ஆஸ்பத்திரியாக எங்கள் வீட்டு முன்னறை மாறியது. செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தால் முதல் அடியிலேயே ஸ்குரூ குத்தும்.

அம்மாவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

"வந்தவங்கள எங்கடி உக்கார வைக்கறது? டிவி மேலயா?" என்பாள். நீ சளைக்காமல், "டிவி மேல வேணாம் அத்தே, அது ரிப்பேருக்கு வந்தது" என்பாய்.

எனக்கு இந்த வித்தையெல்லாம் ஒன்றும் தெரியாது. நகைச்சுவைக் கதை எழுதுகிறவள் என்று சொல்லிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்கு அனுப்புவேன், திரும்பி வரும். அது என் வீட்டு விலாசத்தை மறக்காமல் இருந்ததே பெரிய விஷயம். கதை வராத நாளில் உன் முன்னறைக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன். நீ பற்றவைத்துக்கொண்டே கேட்பாய். யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்கிற கட்டம் வரும்போது மட்டும் ஈயம் உருக்கும் அந்தப் பற்றுக்கோலைக் கீழே வைப்பாய்.

ரெண்டாயிரம் தாண்டி நாலைந்து வருஷம் ஆனபின், அப்படி ஒரு நாள்தான் ஏகாம்பரம் வந்தார். மாமல்லபுரத்தில் கேபிள் டிவி நடத்துகிறவர். அவருக்கென்று ஒரு லோக்கல் சேனல். காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் பிறந்தநாள் வாழ்த்து, சாயங்காலம் ஒரு படம். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஓடும். கையில் செத்துப்போன ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இது மூணாவதும்மா. கடல் காத்து ஒரு பக்கம், கரண்டு போய்ப் போய் வர்றது ஒரு பக்கம். படம் நடுவுல நின்னுடுது. நின்னா ஜனம் வூட்டுக்கே வந்துடறாங்க. நேத்து ஒருத்தரு பாதிப் படத்துக்கு நாஸ்தா வாங்கிக் குடுன்றாரு."

நீ அந்த டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரை அனுப்பிவைத்தாய். ஒரு மாதம் கழித்து ஒரு பெட்டியைச் செய்து முடித்திருந்தாய்.

படிக்கிறவர்களே, அந்தப் பெட்டியை நான் என் பாஷையில் சொல்கிறேன். ஹார்டு டிஸ்க்குக்குள்ளே ஒரு தட்டு ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆட்டினாலும் கெடும், கரண்டு போனாலும் கெடும். அண்ணி அதற்குப் பதிலாகக் காமிராக்காரர்கள் போடும் மெமரி கார்டை எடுத்துக்கொண்டாள். தீப்பெட்டியை மிதித்துத் தட்டையாக்கினால் எப்படி இருக்கும், அந்த அளவுதான். உள்ளே சுற்றுவதும் இல்லை, ஆடுவதும் இல்லை. ஒரு கார்டில் ஒரு படம். ஒவ்வொரு கார்டையும் ஒரு சின்ன தகர டிரேயில் உட்கார வைத்து, அப்படி நாலு டிரே போய் உட்காருகிற மாதிரி ஒரு பெட்டி. ஒரு டிரேயில் படம் ஓடும்போதே அடுத்த டிரேயை உருவி வேறு படம் போட்டுத் தள்ளலாம். கம்ப்யூட்டரை அணைக்கவே வேண்டாம். ஒவ்வொரு டிரே முகப்பிலும் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் இழுக்கலாம். சிவப்பு எரிந்தால் படம் ஓடுகிறது, கை வைக்கக் கூடாது. கடைக்காரர்கள் பாஷையில் இதற்கு ஹாட் ஸ்வாப் என்று பேர். எங்கள் அம்மா பாஷையில் வேறு பேர்.

"இன்னாடி இது, அஞ்சறப் பொட்டி மாதிரி கீது?"

"அந்த மாதிரிதான் அத்தே."

"நாலு அறைதான கீது? அஞ்சாவது எங்க?"

கேலிக்குத்தான் கேட்டாள். அந்த வாரமே நீ ஐந்தாவதாக ஒரு டிரே செய்தாய். பெட்டியில் அதற்கு இடமே கிடையாது. "அத்தே கேட்டாங்க இல்ல, செஞ்சுட்டேன். மாத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அதை அலமாரியில் வைத்தாய்.

ஓடுகிற மிஷினில் கையை விட்டால் ஷாக் அடிக்காதா, கெட்டுப் போகாதா என்று நான் கேட்டேன். நீ டிரேயைத் திருப்பி முதுகைக் காட்டினாய். சின்னச் சின்ன ஊசிகள், வரிசையாக. எல்லாம் ஒரே நீளம் இல்லை. எர்த் ஊசி எல்லாவற்றையும்விட நீளம், அதற்கடுத்து கரண்டு ஊசி, தகவல் போகிற ஊசிகள் குட்டை.

"உன் வூட்டுக்கு ஒருத்தங்க வந்தா இன்னா பண்ற? முதல்ல உக்காருங்கன்ற. அப்புறம் தண்ணி குடுக்கற. அதுக்கப்புறம்தான் இன்னா சேதின்னு கேக்கற. இதுவும் அதான். நீளமா கீற ஊசி முதல்ல தொடும், உக்காரும். அடுத்தது கரண்டு, தண்ணி குடிச்ச மாதிரி. கடைசியாதான் பேச்சு. வாசப்படியிலயே நிக்க வச்சு சேதி கேட்டா வந்தவங்களுக்கும் பேஜாரு, நமக்கும் பேஜாரு."

"போகும்போது?"

"போகும்போது அப்படியே தலைகீழு. முதல்ல பேச்ச முடிச்சிக்கணும். அப்புறம்தான் எழுந்திரிக்கணும்."

நல்ல பேச்சு. அப்போது இதைக் குறித்துவைத்து ஒரு கதை எழுதியிருந்தால் அதுவும் திரும்பி வந்திருக்கும்.

ஏகாம்பரம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நம்பிக்கை வரவில்லை. முன்னறையில் நின்றபடியே சொன்னார்: "இதோ பாரும்மா, சரஸ்வதி பூஜை லீவு வருது. ஊரே வூட்ல குந்திகினு டிவி பாக்கும். லீவு முழுக்க மிஷின ஆஃப் பண்ணாம ஓடிச்சுன்னா பொட்டி எனக்கு. எங்க மச்சான், சகலை எல்லாருக்கும் உன்கிட்டதான் வாங்கச் சொல்லுவேன். ஒரு வாட்டி ஆஃப் பண்ண வச்சாலும் நீயே வந்து எடுத்துகினு போயிடு."

சமையல்கட்டிலிருந்து அம்மா வெளியே வந்தாள். கையில் முறம். அம்மா முறத்தோடு வந்தால் தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. அவரு பொட்டிய திருப்பிக் குடுத்துட்டா, நீ முன்ரூம காலி பண்ணிடு. கல்பாக்கத்துல வேலை செய்யற பிள்ள ஒருத்தன் வாடகைக்குக் கேட்டுகினே கீறான். ஜெயிச்சிட்டா நான் வாயே தொறக்கல."

என் அண்ணன் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தினமும் கல்பாக்கத்துக்கு பஸ்ஸில் போய் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற சாது. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவன் வாழ்நாள் முழுக்க ஒரே பக்கத்தைத்தான் படித்திருக்கிறான்.

நீ, "சரி அத்தே" என்றாய். அன்றைக்கு அப்புறம் நீ தொடாமலே உன் பற்றுக்கோல் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி சாப்பாட்டில் உப்பைக் குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஆயுத பூஜை அன்று நான் சுண்டலுக்காக வந்தேன், மறைப்பானேன். உன் கருவிகளெல்லாம் முன்னறையில் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. பற்றுக்கோல், ஸ்குரூ டிரைவர், கொறடு. வரிசையின் முடிவில் அந்த ஐந்தாவது டிரே. தூசி போகக்கூடாதென்று பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டியிருந்தாய். அம்மா கவரின் மேலேயே ஒரு பெரிய சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். வாசலில் உன் மொபெட்டுக்கு மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று.

ஆறு மணி இருக்கும், உன் செல்போன் அடித்தது. ஏகாம்பரம். அவர் பேசினால் போன் தேவையில்லை, கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"இன்னாம்மா இது, நாலும் படுத்துடுச்சு. பூஜை வாழ்த்துன்னு என் போட்டோவப் போட்டு வச்சேன் பாரு, அதுதான் தெரியுது. ஒரு மணி நேரமா ஊர் பூரா என் மூஞ்சியே நின்னுகினு கீது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?"

"வேணாம் அண்ணாத்த. கை வைக்காதீங்க. வரேன்."

"வந்து இன்னா பண்ணுவ? பொம்பள செஞ்ச பொட்டி இப்படித்தான் காலை வாரும்னு என் சகலை அப்பவே சொன்னான்."

நீ போனை வைத்துவிட்டு சாமி முன்னால் போய் உட்கார்ந்தாய். மாற்று டிரே அங்கே இருக்கிறது. விளக்கு எரிகிறது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைக்கு முன்னால் எடுக்கக்கூடாது. கேட்டாலே அம்மா சாமி வந்தவள் போல ஆடுவாள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நீ கேட்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு டிரேயையே பார்த்துக்கொண்டிருந்தாய். போன் திரும்பவும் அடித்தது. நீ எடுக்கவில்லை.

முன்னறை போய்விட்டது என்று நான் மனசுக்குள் ஸ்டூலுக்கு வழியனுப்பு விழாவே நடத்திவிட்டேன்.

அம்மா விளக்கைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். அப்புறம் அடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்தாள்.

"சகலையாம் சகலை. அவன் யாருடி எங்க வூட்டுப் பொண்ணச் சொல்றதுக்கு? சொல்றதுன்னா நான் சொல்லுவேன்."

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"எடுக்கக் கூடாதுன்னா இன்னா அர்த்தம்? சாமி முன்னால எடம் காலியாவக் கூடாது, அதான் அர்த்தம். ஒண்ண எடுத்தா ஒண்ண வை. வெளக்கு அணையாம பாத்துக்கோ."

இந்த சாஸ்திரம் எந்த ஏட்டில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில் அம்மா அடுப்பில்லாமல் கிளறி இறக்கியது. ஆனால் நீ மட்டும் சிரித்தாய். "அத்தே, இதத்தான் நான் ஏகாம்பரம் அண்ணனுக்கு ஒரு மாசமா வெளக்கிகினு கீறேன்."

"வாயப் பாக்காத. எடத்துல எத வைக்கப் போற?"

உன் சாமான் எல்லாம் ஏற்கெனவே சாமி முன்னால்தான் இருந்தது. அம்மாவின் பார்வை என் கைப்பையில் வந்து நின்றது.

"மல்லி, உன் பேனாவ வை. அதுக்கு இன்னா வேலை கீது, வருஷம் பூரா ரெஸ்டுதான?"

பேனா என் கையில், டிரேயின் மேல் உன் கை. நான் வைக்க, நீ எடுக்க, விளக்கு அசையவில்லை. பேனாவுக்கும் ஒரு பொட்டு விழுந்தது. அண்ணன் பக்கத்து அறையில் வடை தின்ற களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். இவ்வளவு பெரிய மாற்றம் வீட்டில் நடந்து முடிந்தது அவனுக்கு மறுநாள்தான் தெரியும்.

மொபெட்டில் நீ முன்னால், நான் பின்னால், டிரே என் மடியில். அவசரத்தில் வாழைக்கன்றை அவிழ்க்கவில்லை. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் கூட்டத்துக்காக நின்றபோது ஒரு ஆடு வந்து என் பக்கத்து வாழையைத் தின்ன ஆரம்பித்தது. விரட்டினால் டிரே விழும். விரட்டாவிட்டால் என் புடவை போகும். "தின்னட்டும் வுடு, வெயிட்டு குறையும்" என்றாய். உன் பேச்சில் வெயிட்டு என்றது வாழையையா என்னையா என்று மாமல்லபுரம் போய்ச்சேரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். சொல், யாரை?

ஏகாம்பரம் வீட்டு மாடியில்தான் கண்ட்ரோல் ரூம். நெற்றி நிறையச் சந்தனத்தோடு மாடிப்படியில் நின்றார். கீழே நாலைந்து பேர் படம் என்னாச்சு என்று கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள். நீ நேராகப் போய்ப் பச்சை எரிகிறதா என்று பார்த்து ஒரு டிரேயை உருவினாய். முகப்பில் பொட்டு. அது பரவாயில்லை. திருப்பினாய். முதுகிலும் பொட்டு. ஊசி வரிசையின் நடு மத்தியில், அழகாக, ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனம்.

"அண்ணாத்த, இது இன்னா?"

"பூஜைம்மா. வெளிய மட்டும் வச்சா போதுமா? உள்ள கீறதுதான உழைக்குது. அதான் இழுத்து பின்னாடியும் வச்சேன். பச்ச வெளக்கு பாத்துட்டுதாம்மா இழுத்தேன், சத்தியமா. நீ சொன்னத மீறல."

"நாலுக்குமா?"

"ஒண்ணுக்கு வச்சிட்டு ஒண்ணுக்கு வுட்டா அது கோச்சுக்காதா?"

படம் ஓடும்போதே ஓடாத மூன்றுக்கும் வைத்திருக்கிறார். படம் முடிந்ததும் நாலாவதுக்கும் வைத்து, பக்தியோடு உள்ளே தள்ளி, கும்பிட்டிருக்கிறார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. சந்தனத்தில் ஒரு ஊசிக்கும் இன்னொரு ஊசிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

நீ கத்துவாய் என்று நான் எதிர்பார்த்தேன். நீயோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய், உன் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாயோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய்.

"அண்ணாத்த, சாமி கும்பிட்டது தப்பே இல்ல. சாமி வாயிலயே சந்தனத்த அப்பிட்டீங்க. எப்படிப் பேசும்?"

டார்ச் அடித்து நாலு அறையையும் பார்த்தாய். மூன்றாவது டிரேக்குப் போகும்போது சந்தனம் தீர்ந்து வெறும் குங்குமம்தான் வைத்திருக்கிறார், அது ஈரமில்லாத தூள், தட்டினால் உதிரும். மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே கரண்டும் இருக்கிறது. அணைத்தால் எல்லாம் சுலபம், ஆனால் முன்னறை போய்விடும். பல் தேய்க்கும் பிரஷ் புதிதாக ஒன்று கேட்டாய். உலர்ந்த பிரஷ்ஷால் அந்த மூன்றாவது அறையை மெல்லத் தட்டி, மூஞ்சியைப் பக்கத்தில் கொண்டுபோய் ஊதினாய். குங்குமம் அத்தனையும் திரும்பி உன் முகத்துக்கே வந்தது. மூக்கு, கன்னம், புருவம் எல்லாம் சிவப்பு. கீழேயிருந்து எட்டிப் பார்த்த ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஐந்தாவது டிரே. பிளாஸ்டிக் கவரைக் கிழித்தாய், அம்மாவின் பொட்டு கவரோடு போனது. மூன்றாவது அறையின் வாயில் வைத்தாய். ஏகாம்பரம் சுவிட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் உன்னைப் பார்த்தேன். தள்ளும்போது நீ உதட்டுக்குள் பேசினாய், எனக்குக் கேட்டது.

"உக்காரு. தண்ணி குடி. ம், இப்ப சொல்லு."

பச்சை எரிந்து சிவப்புக்கு மாறியது. திரையில் ஏகாம்பரத்தின் முகம் போய், நாதஸ்வரச் சத்தம் வந்தது.

அதில் என்ன பதிவு செய்திருந்தாய் என்று உனக்கே அப்போதுதான் நினைவு வந்ததாக்கும். சோதித்துப் பார்க்கக் கையில் கிடைத்த கேசட்டைக் கார்டில் ஏற்றியிருந்தாய். உன் கல்யாண கேசட்.

மாமல்லபுரம் முழுக்க, வீட்டுக்கு வீடு, உன் கல்யாணம். அண்ணன் தாலி கட்டப்போகும் நேரத்தில் கொட்டாவி விட்டான். அம்மா வீடியோக்காரரைப் பார்த்து, "வீடியோக்காரரே, நவுருய்யா, பொண்ணப் புடிக்கச் சொன்னா என்னியப் புடிச்சிகினு கீற" என்றாள். எல்லாரும் அட்சதை போடுகிறார்கள். தூணுக்குப் பின்னால் பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி ஒரு கையால் அட்சதை போட்டுக்கொண்டு மறு கையால் லட்டு தின்கிறாள். போட்டு முடித்ததும் இரண்டாவது லட்டு. அது யார் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை.

நீ ஸ்பிரிட் வாங்கி வரச்சொல்லி மற்ற டிரேக்களைத் துடைத்து முடித்தாய். படத்தை மாற்றலாம் என்றாய். ஏகாம்பரத்தின் போன் ஓயவில்லை. அவர் போனின் வாயைப் பொத்திக்கொண்டு உன்னிடம் சொன்னார்: "மாத்தாதம்மா. பந்தி வரைக்கும் வுடச் சொல்றாங்க. அந்தத் தூண் பின்னால லட்டு தின்னுதே, அது யாருன்னு வேற கேக்கறாங்க."

நீ என்னைக் கை காட்டினாய். அண்ணி, நான் அதை இன்னும் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் என்னை லட்டு அக்கா என்கிறார்கள். எத்தனையோ கதை எழுதினேன், ஒன்றுக்கும் கிடைக்காத பேர் இரண்டு லட்டுக்குக் கிடைத்தது.

லீவு முடியும்வரை மிஷின் அணையவில்லை. ஏகாம்பரமே இனிப்பும் உன் ஐந்தாவது டிரேயும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தார். செய்யூரில் மச்சானுக்கு ஒரு பெட்டி, படாளத்தில் சகலைக்கு ஒரு பெட்டி வேண்டும் என்றார். "அந்த சகலையா?" என்று அம்மா கேட்டாள். "அதே சகலைதாம்மா." "அவருக்கு மெதுவா செஞ்சு குடுக்கலாம்" என்று அம்மாவே பதில் சொன்னாள். அப்புறம்தான் ஏகாம்பரம் கல்யாண விஷயத்தைச் சொன்னார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "டிவில வந்தேனா? எந்தப் பொடவையில?" என்றாள்.

கல்பாக்கத்துப் பிள்ளை அறையைப் பார்க்க வந்த அன்று நான் வாசலில்தான் இருந்தேன். அம்மா கதவைப் பாதி திறந்து, "ரூம்பு காலி இல்லப்பா, ஓடிகினு கீது" என்று சொல்லி மூடிவிட்டாள்.

இனி இப்போதைய செய்திகள். ஏகாம்பரம் எல்லாவற்றையும் விரலளவு பென் டிரைவில் வைத்துக்கொண்டு சட்டைப்பையில் போட்டு அலைகிறார். பெட்டியை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன், மூன்றாவது அறையின் ஓரத்தில் குங்குமம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நெம்மேலியில் கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து மெட்ராசுக்குக் குடிக்க அனுப்பப் போகிறார்களாம். வாழ்நாள் முழுக்கக் கடல் உப்போடு சண்டை போட்ட உன்னைக் கேட்காமல் தொடங்குகிறார்கள். அண்ணன் சனிக்கிழமையானால் முன்னறையைத் திறந்து வைத்து உன் நாற்காலியில் உட்காருகிறான். ரிப்பேர் செய்யத் தெரியாது. ஆனால் வருகிறவர்களை உட்காரச் சொல்கிறான், தண்ணீர் கொடுக்கிறான். அதற்கப்புறம் என்ன சேதி என்று கேட்டுவிட்டு, பஜார் பக்கம் வேறு கடைக்கு அனுப்பிவைக்கிறான். பேப்பரில் இப்போது அடுத்த பக்கமும் படிக்கிறான்.

சிவப்பு விளக்கு எரியும்போது இழுக்கக்கூடாது என்று ஊருக்கே சொன்னாயே, உன்னை இழுத்தவரிடம் சொல்ல மறந்துவிட்டாயா? வீடு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா உன்னிடம் முறுக்கு மாவைப் பற்றி ஏதோ பாதி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கீழத்தெரு சங்கதி ஒன்றை, யார் யாரோடு என்கிற கட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். பேச்சை முடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும் என்றவள், பேச்சு நடுவில் எழுந்து போய்விட்டாய். அங்கே போனதும் உன்னை முதலில் உட்காரச் சொன்னார்களா? தண்ணீர் கொடுத்தார்களா? வாசலிலேயே நிற்க வைத்துச் சேதி கேட்கவில்லையே?

இன்று காலை பூஜைக்கு உன் கருவிகளையெல்லாம் அம்மாதான் துடைத்து அடுக்கினாள். என் பேனாவும் அந்த வரிசையில்தான், அன்றைக்கு வைத்தது வருஷா வருஷம் வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் சுண்டல் தின்றுகொண்டிருக்கும்போது உனக்கு எழுத வேண்டும் போல இருந்தது. நாளைக்கு என்றால் நாளைக்கு வராது. எனக்கு எழுத்து வருவதே அபூர்வம், நீ அறிவாய். அம்மாவிடம் மெல்லச் சொன்னேன்.

"ஒண்ண எடுத்தா ஒண்ண வை" என்றாள், என்னைப் பார்க்காமலே.

அலமாரியைத் திறந்து உன் ஐந்தாவது டிரேயை எடுத்து வந்து வைத்தேன். பேனாவை எடுத்துக்கொண்டேன். விளக்கு அசையவில்லை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், விரலில் சந்தனம் தொட்டாள், டிரே பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"முன்னால மட்டும்தானே?" என்று கேட்டாள். கேட்டது என்னையா உன்னையா தெரியவில்லை.

"முன்னால மட்டும்தாம்மா" என்றேன், உன் சார்பில்.

கீழத்தெரு சங்கதியின் மீதியையும் முடித்துவிடுகிறேன், நீ பற்றுக்கோலைக் கீழே வை. அவர்கள் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். அவளுக்கு அவன் குறட்டை பிடிக்கவில்லையாம். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இனி நீ நிம்மதியாக எழுந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். நான் இருக்கும்வரை சாமி முன்னால் அந்த இடம் காலியாக இருக்காது. உன் டிரேயின் முதுகில் யாரும் பொட்டு வைக்காமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

பூஜையிலிருந்து எடுத்த பேனாவோடு,
மாமல்லபுரத்தில் நீ காட்டிக்கொடுத்த உன் நாத்தனார்,
மல்லிகா